துறையில் மூழ்கும் கப்பல்கள்

2022 ஏப்ரல் 13. அமெரிக்காவின் பஃபலோ நகரத் துறையில் கட்டப்பட்டிருந்த 'தி சல்லிவன்ஸ்' என்ற நாசகாரிக் கப்பலுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மறுநாள் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் பின்பகுதி நீருக்குள் இறங்கிவிட்டது. யாரும் அதைத் தாக்கவில்லை. எதுவும் அதன்மீது மோதவில்லை.

1942 நவம்பரில் 'ஜூனோ' என்ற கப்பலோடு கடலில் மாண்ட ஐந்து சகோதரர்களின் நினைவாகப் பெயரிடப்பட்ட கப்பல் இது. பசிபிக் போரிலும் கொரியப் போரிலும் சண்டையிட்டுத் திரும்பியது. 1977 முதல் பஃபலோவில் அருங்காட்சியகமாக நின்றது. அதன் அடிப்பாகம் பழுதாகியிருப்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும். அதற்காக நன்கொடை திரட்டினார்கள். முந்தைய ஆண்டே நீருக்கடியில் பழுதுபார்ப்பு வேலையும் நடந்தது. அப்படியிருந்தும் தண்ணீர் புகுந்தது. அது நின்றிருந்தது நன்னீரில் என்பதையும் கவனிக்க வேண்டும். உப்புநீரில் எஃகு இதைவிட வேகமாக அரிக்கும்.

ஓய்வுபெற்ற போர்க்கப்பல் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் பேச்சு ஒரே தடத்தில்தான் செல்லும். எந்தப் போரில் பங்கேற்றது, எத்தனை பதக்கம் வாங்கியது, எத்தனை பேர் அதில் உயிர்நீத்தார்கள். இவை எல்லாம் முக்கியம்தான். ஆனால் இவற்றில் ஒன்றுகூட, அந்தக் கப்பல் இன்னும் 30 ஆண்டுகள் மிதக்குமா என்பதைத் தீர்மானிப்பதில்லை.

அதைத் தீர்மானிப்பது தகட்டின் தடிமன். இரண்டாம் உலகப் போர்க்கால நாசகாரிக் கப்பலின் வெளித்தகடு பல இடங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். வேகத்துக்காக எடையைக் குறைத்துக் கட்டப்பட்டவை அவை. கடல்நீரில் மூழ்கியிருக்கும் சாதாரண எஃகு, பாதுகாப்பு இல்லாவிட்டால், சராசரியாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவுக்குக் கரையும். இந்தக் கணக்கைப் பார்த்தால் நூறு ஆண்டு தாங்கும் என்று தோன்றும். ஆனால் எஃகு சீராகக் கரைவதில்லை. வண்ணப்பூச்சு உரிந்த ஒரு புள்ளியில் அரிப்பு தொடங்கி அங்கேயே ஆழமாக இறங்கும். இதைக் குழி அரிப்பு என்பார்கள். சுற்றியுள்ள தகடு முழுசாக இருக்க, பென்சில் முனை அளவு ஓட்டை விழுந்துவிடும். நீர்மட்டத்தை ஒட்டிய பட்டையில் நிலைமை இன்னும் மோசம். அலை வந்து நனைத்துப் போகும், காற்று வந்து உலர்த்திப் போகும். உப்பும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கிடைப்பதால் அங்கே அரிப்பு சில மடங்கு அதிகம்.

உள்ளிருந்தும் அரிப்பு வரும். கப்பலின் ஆக அடியில், தரைக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே 'பில்ஜ்' என்ற இடைவெளி இருக்கிறது. ஒழுகும் மழைநீர், எண்ணெய்க் கசிவு, குழாய்களில் ஊறும் ஈரம் எல்லாம் வந்து தேங்குவது அங்கேதான். பணியில் இருக்கும் கப்பலில் இதைத் தினமும் பார்க்க ஆள் உண்டு. அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் போகும் தளங்களில்தான் வெளிச்சமும் வண்ணமும் இருக்கும். கீழ்த்தளங்கள் பூட்டியே கிடக்கும். துரு என்பது எஃகைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் பொருள். ஆகவே அழுகிய தகடு பார்வைக்கு மெலிந்து தெரியாது, தடித்துத்தான் தெரியும். துருவைத் தட்டும் சுத்தியலை ஓங்கினால் சில இடங்களில் அது மறுபக்கம் போய்விடும். அவ்வளவு நாளும் தண்ணீரைத் தடுத்து வைத்திருந்தது துருவும் பல அடுக்கு பெயின்டும்தான் என்பது அப்போதுதான் தெரியவரும்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: உலர்துறை. கப்பலை உள்ளே விட்டு, வாயிலை அடைத்து, தண்ணீரை இறைத்து, அடிப்பாகத்தை வெளியே கொண்டுவரும் பெரிய தொட்டி அது. அருங்காட்சியகமாக இருக்கும் கப்பல்கள் சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை உலர்துறை ஏற வேண்டும் என்பது அமெரிக்கக் கடற்படையின் பரிந்துரை. 'நியூ ஜெர்சி' என்ற பெரும்போர்க்கப்பல் 2024 மார்ச்சில் பிலடெல்பியாவில் உலர்துறை ஏறியது. அதற்கு முன் ஏறி 30 ஆண்டுக்கு மேலாகியிருந்தது. அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். கடல்நீர் உள்ளே வர முன்பு தேவைப்பட்ட துளைகளின் அடைப்புகளைச் சோதித்தார்கள். எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்து கப்பலைக் காக்கும் உலோகக் கட்டிகளை மாற்றினார்கள். மூன்று மாதம் ஆயிற்று. செலவு சுமார் 1 கோடி டாலர். பெரிய சேதம் எதுவும் இல்லாத, நன்றாகப் பராமரிக்கப்பட்ட கப்பலுக்கு ஆன செலவு இது.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'டெக்சஸ்' கப்பலின் கதையைப் பார்க்கலாம்.

1914 மார்ச்சில் பணியில் சேர்ந்த கப்பல். இரண்டு உலகப் போர்களிலும் இருந்தது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையைப் பீரங்கிகளால் தாக்கியது. அந்தத் தலைமுறைப் பெரும்போர்க்கப்பல்களில் இன்று உலகில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். வரலாற்று மதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைவிடத் தகுதியான கப்பலைக் காட்டுவது கடினம்.

1948 ஏப்ரல் 21: ஹூஸ்டன் அருகே சான் ஹசின்டோ என்ற இடத்தில் நிரந்தர அருங்காட்சியகமாகிறது. 1968: மேல்தளத்தின் மரப்பலகைகள் உளுத்துவிட்டதால் கான்கிரீட் கொட்டுகிறார்கள். கான்கிரீட் விரிசல் விடுகிறது. மழைநீர் உள்ளே இறங்குகிறது. 1988: முதல்முறையாக உலர்துறைக்குப் போகிறது. அருங்காட்சியகமாகி அதற்குள் 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. 1990: திரும்பி வருகிறது. 2007: டெக்சஸ் மாநில வாக்காளர்கள் 2.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தருகிறார்கள். கப்பலை நிரந்தரமாகத் தண்ணீரிலிருந்து எடுத்து உலர்ந்த இருக்கையில் வைப்பது திட்டம். மதிப்பீடு போடப்போட அந்தப் பணம் போதாது என்று தெரிகிறது. திட்டம் கைவிடப்படுகிறது. 2012 ஜூன்: அடிப்பாகத்தில் பெரிய கசிவுகள். 2017 ஜூன்: மீண்டும் கசிவு. கப்பல் ஆறு டிகிரி சாய்கிறது.

கசிவு உச்சத்தில் இருந்தபோது நிமிடத்துக்குச் சுமார் 2,000 கேலன் தண்ணீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஏறத்தாழ 7,500 லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துச் சொன்னால், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு லாரி. பகலும் இரவும்.

2019-ல் மாநில சட்டமன்றம் 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. இனிமேல் கப்பலை நடத்தும் பொறுப்பு ஒரு தனி அறக்கட்டளையுடையது. அரசு விலகிக்கொள்ளும். பழுது பார்க்க இழுத்துச் செல்லும் வழியிலேயே கப்பல் மூழ்கிவிடக்கூடாது என்பதற்காக, அடிப்பாகத்தின் வெற்றிடங்களில் நுரைப்பொருளைப் பீய்ச்சி நிரப்பினார்கள். 2022 ஆகஸ்ட் 31 அன்று இழுவைப் படகுகள் அதைக் கால்வெஸ்டனுக்குக் கொண்டுபோயின. 2024 மார்ச்சில்தான் அது மீண்டும் மிதந்தது. 2.5 கோடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆண்டும் செலவைக் கூட்டியது என்பதில் சந்தேகமில்லை. கப்பல் பிழைத்ததற்குக் காரணம், எண்ணெய் வளம் உள்ள ஒரு மாநிலத்தின் பெயரை அது தாங்கியிருந்ததும்தான்.

அந்த வாய்ப்பு எல்லாக் கப்பலுக்கும் கிடைப்பதில்லை. 1898-ல் மணிலா விரிகுடாப் போரில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய 'ஒலிம்பியா' பிலடெல்பியாவில் நிற்கிறது. அது கடைசியாக உலர்துறை ஏறியது 1945-ல். 2010-ல் அதை வைத்திருந்த அருங்காட்சியகம் வேறு யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டது. தேவைப்பட்ட தொகை குறைந்தது 2 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. நான்கு ஆண்டு தேடியும் தகுந்த கை கிடைக்கவில்லை. அதே அருங்காட்சியகமே தொடர்ந்து வைத்துக்கொண்டது.

1945 ஏப்ரல் 16 அன்று ஒக்கினாவா அருகே 22 ஜப்பானிய விமானங்களின் தாக்குதலைத் தாங்கி மூழ்காமல் திரும்பிய கப்பல் 'லாஃபி'. தற்கொலை விமானங்களும் குண்டுகளும் அதன்மீது விழுந்தன. கப்பல் பிழைத்தது. 2008-ல் தென் கரோலினாவின் பேட்ரியட்ஸ் பாயின்ட் துறையில் நின்றபடியே அதன் அடித்தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கசிவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மாநில அரசு அவசரக் கடனாக 92 லட்சம் டாலர் கொடுத்தது. 2009-ல் இழுத்துச் சென்றார்கள். 2012-ல் திரும்பி வந்தது. அதே துறையில் நின்ற 'க்ளாமகோர்' என்ற நீர்மூழ்கிக்கு அப்படி ஒரு கடன் கிடைக்கவில்லை. 2022-ல் அதை உடைத்துவிட்டார்கள்.

மூன்றாவது கப்பலும் அங்கே உண்டு. 'யார்க்டவுன்' என்ற விமானந்தாங்கி. 1975 முதல் சுற்றுலாப் பயணிகள் ஏறி இறங்கும் இடம். அதன் எரிபொருள் தொட்டிகளிலும் அறைகளிலும் 12 லட்சம் கேலனுக்கும் மேல் எண்ணெய்க் கழிவும் மாசுபட்ட நீரும் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. அதாவது 45 லட்சம் லிட்டர். அவை 428-க்கும் மேற்பட்ட தொட்டிகளிலும் கலன்களிலும் பரவிக் கிடந்தன. அவற்றுக்கும் சார்ல்ஸ்டன் துறைமுக நீருக்கும் நடுவே இருந்தது, 1943-ல் பணிக்கு வந்த கப்பலின் தகடு. இதை அகற்ற மாநில ஆளுநர் உத்தரவிட்டது 2022-ல். 47 ஆண்டுகள் மக்கள் மேல்தளத்தில் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணெய் மட்டுமல்ல. அந்தக் காலத்துப் போர்க்கப்பலின் நீராவிக் குழாய்கள் கல்நார் சுற்றப்பட்டவை. கல்நார் என்பது வெப்பம் தாங்கும் கனிம இழை. நொறுங்கித் தூசானால் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாகலாம். பெயின்டில் ஈயம் உண்டு. மின்கம்பி உறைகளில் பிசிபி எனப்படும் குளோரின் கலந்த நச்சு வேதிப்பொருள் உண்டு. கப்பல் நன்றாக இருக்கும்வரை இவை அடைபட்டுக் கிடக்கும். ஒரு நாட்டின் கப்பலை இன்னொரு நாடு உடைக்க மறுப்பதற்கு இவை போதும். பிரான்சின் 'க்ளெமான்சோ' 2005 டிசம்பர் 31 அன்று துலோன் துறைமுகத்திலிருந்து குஜராத்தின் அலங் உடைப்புத் தளத்துக்குக் கிளம்பியது. கல்நார் விவகாரம் இந்திய உச்ச நீதிமன்றம்வரை போனது. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் அதைத் திருப்பி அழைத்தார். அதன் சகோதரக் கப்பலைப் பிரேசில் வாங்கி 'சாவ் பாவ்லோ' என்று பெயர் சூட்டியிருந்தது. உடைக்கத் துருக்கிக்குக் கொண்டுபோனபோது துருக்கி அனுமதியை ரத்து செய்தது. திரும்பி வந்த கப்பலுக்குச் சொந்த நாட்டிலும் துறைமுகம் கிடைக்கவில்லை. 2023 பிப்ரவரி 3 அன்று அட்லான்டிக் கடலில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது.

அருங்காட்சியகத்தை நடத்துபவர் திவாலானால் கப்பல் யாருடையது? பிரிட்டனில் இதற்கு விடை கிடைத்தது. 1982-ல் தெற்கு ஜார்ஜியாத் தீவில் அர்ஜென்டினப் படையின் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தான கப்பல் 'பிளிமத்'. பிர்கன்ஹெட் நகரில் ஓர் அறக்கட்டளை அதைக் காட்சிக்கு வைத்திருந்தது. 2006-ல் அறக்கட்டளை மூடப்பட்டது. கப்பல் துறையிலேயே கிடந்தது. எட்டு ஆண்டு கழித்து, 2014-ல், துருக்கிக்குப் போய் இரும்பானது. அதே அறக்கட்டளையிடம் இருந்த 'ப்ரானிங்டன்' என்ற கண்ணிவாரிக் கப்பலுக்கு ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர் இளவரசர் சார்ல்ஸ், இன்றைய மன்னர். 2016 மார்ச்சில் அது நிறுத்தியிருந்த இடத்திலேயே மூழ்கியது. அரச குடும்பத் தொடர்பு எந்தக் கசிவையும் அடைக்கவில்லை.

நீர்மூழ்கிகளின் நிலைமை தனி. ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கக் கட்டியவை என்பதால் அவை எதையும் தாங்கும் என்று தோன்றும். ஆனால் நீருக்கு மேலே மிதப்பதற்கான உபரி அவற்றில் மிகக் குறைவு. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் காட்சிக்கு இருந்த 'கே-77' என்ற சோவியத் நீர்மூழ்கி 2007 ஏப்ரலில் ஒரு புயலின்போது துறையில் மூழ்கியது. கடற்படை முக்குளிப்பவர்கள் அதை மேலே கொண்டுவந்தார்கள். பிறகு அது உடைக்கப்பட்டது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாக்கன்சாக் ஆற்றில் இருந்த 'லிங்' வேறுவிதமாக மாட்டிக்கொண்டது. ஆறு தூர்ந்தது. கப்பல் சேற்றில் புதைந்தது. வெளியே இழுக்க வழியில்லை. 2018-ல் யாரோ புகுந்து மூடிகளைத் திறந்துவிட, உள்ளே தண்ணீர் நிறைந்தது.

சேறு சின்னப் பிரச்சினை அல்ல. நியூயார்க்கில் 24 ஆண்டு ஒரே இடத்தில் நின்ற 'இன்ட்ரெபிட்' விமானந்தாங்கியைப் பழுதுபார்க்க 2006 நவம்பர் 6 அன்று இழுக்க முயன்றார்கள். விழாவுக்குக் கூட்டம் கூடியிருந்தது. இழுவைப் படகுகள் முழு வலுவோடு இழுத்தும் கப்பல் நகரவில்லை. உந்துவிசிறிகள் சேற்றில் புதைந்திருந்தன. தூர்வாரி முடித்து டிசம்பர் 5 அன்றுதான் நகர்த்தினார்கள்.

இனி இந்தியா. 'விக்ராந்த்' 1961 மார்ச் 4 அன்று பணியில் சேர்ந்தது. இந்தியாவின் முதல் விமானந்தாங்கி. 1971 டிசம்பரில், கொதிகலன் ஒன்று விரிசல் கண்டு வேகம் குறைந்த நிலையிலும், வங்காள விரிகுடாவிலிருந்து அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அதைத் தேடிவந்த பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கி விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. தகுதி என்று பார்த்தால் கேள்விக்கே இடமில்லை.

1997 ஜனவரி 31: ஓய்வு. 2001: மும்பையில் அருங்காட்சியகம். கடற்படை குறிப்பிட்ட நாட்களில் மட்டும் மக்களை அனுமதித்தது. நிரந்தரமாக நடத்த ஒரு பங்காளியை மகாராஷ்டிர அரசு தேடியது. 2010 வரை யாரும் முன்வரவில்லை. 2012: பொதுமக்கள் ஏறப் பாதுகாப்பில்லை என்று மூடப்பட்டது. 2013 டிசம்பர்: ஏல அறிவிப்பு. 2014 ஜனவரி: காப்பாற்றக் கோரிய பொதுநல மனுவை மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விலை 60 கோடி ரூபாய். 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உடைப்புக்கு இருந்த தடையை நீக்கியது. நவம்பரில் மும்பை தாருகானாவில் வெட்டத் தொடங்கினார்கள். அதன் எஃகில் ஒரு பகுதி பின்னர் மோட்டார் சைக்கிள் தொட்டிகளானது. பஜாஜ் நிறுவனம் 2016-ல் அந்த வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மனு தாக்கலானபோது கப்பல் ஓய்வுபெற்று ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. காப்பாற்றும் பணம் 1997-ல் தேவைப்பட்டது. குரல் எழுந்தது 2013-ல்.

'விராட்' விஷயத்தில் இவ்வளவு காலம் வீணாகவில்லை. பிரிட்டனுக்கு 'ஹெர்மிஸ்' ஆக இருந்து ஃபாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாக நின்றது. 1987-ல் இந்தியாவுக்கு வந்தது. 2017 மார்ச் 6 அன்று ஓய்வு பெற்றது. ஆந்திரம் கேட்டது. மகாராஷ்டிரமும் கேட்டது. 2018 நவம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை, சிந்துதுர்க் மாவட்டத்தின் நிவதி அருகே கடலில் கான்கிரீட் அடித்தளத்தின்மீது கப்பலை அமர்த்தி அருங்காட்சியகமும் விடுதியும் அமைக்கும் 852 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பணம் தனியார் பங்களிப்பில் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வரவில்லை. 2019 ஜூலையில், தன் செலவைத் தானே தாங்கும் முழுமையான நிதித் திட்டம் எதுவும் வரவில்லை, ஆகவே கப்பலை உடைக்க முடிவு என்று பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

2020-ல் அலங் நிறுவனம் ஒன்று 38.54 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. காப்பாற்றக் கேட்கப்பட்ட தொகை, இரும்பாக விற்ற தொகையைப் போல 22 மடங்கு. செப்டம்பரில் கப்பல் மும்பையை விட்டுக் கிளம்பியது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உடைப்புக்குத் தடை போட்டது. ஏப்ரலில் மனுவைத் தள்ளுபடி செய்தபோது சொன்ன காரணம்: 40 விழுக்காடு ஏற்கெனவே உடைக்கப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 2010 டிசம்பரில் ஓய்வுபெற்ற 'வாக்லி' நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் கரையேற்றி அருங்காட்சியகம் ஆக்கத் திட்டமிட்டார்கள். கப்பல் சென்னைத் துறைமுகம்வரை வந்தது. மாமல்லபுரம் போகவில்லை.

அதே இனத்தைச் சேர்ந்த 'குர்சுரா' மட்டும் நிற்கிறது. 2001 பிப்ரவரியில் ஓய்வு. 2002 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் திறப்பு விழா. இடையில் ஒன்றரை ஆண்டுதான். இடமும் பணமும் பொறுப்பாளரும் கப்பல் துருப்பிடிக்கும் முன்பே முடிவாகிவிட்டன. 91 மீட்டர் நீளமுள்ள கப்பலை மணலில் இழுத்து மேடைமேல் வைத்தார்கள். உப்புக்காற்று அதையும் அரிக்கிறது. அரித்த இடம் கண்ணுக்குத் தெரியும். ஏணி வைத்து ஏறி வெட்டி ஒட்டலாம். முக்கியமாக, அது மூழ்க முடியாது.

இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை யோகோசுகாவில் உள்ள 'மிகாசா' காட்டுகிறது. 1905-ல் சுஷிமாப் போரில் தளபதி டோகோ நின்ற கப்பல். 1922-ல் கையெழுத்தான வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கைப்படி அது ஒழிக்கப்பட்டிருக்க வேண்டும். மீண்டும் போருக்குப் பயன்படாதபடி மாற்றினால் வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆகவே கரையோரம் நிறுத்திச் சுற்றிலும் கான்கிரீட்டும் மண்ணும் கொட்டினார்கள். 1926-ல் நினைவுச்சின்னமானது. 1945-க்குப் பிறகு அதைக் கவனிக்க யாருமில்லை. பீரங்கிகள் போயின. மேல்கட்டுமானம் போயிற்று. தளத்தில் நடனக்கூடம் நடந்தது. மிதந்துகொண்டிருந்த கப்பலாக இருந்தால் அந்தக் காலத்தில் அடியில் போயிருக்கும். மிகாசாவின் உடல் அப்படியே இருந்தது. 1961-ல் புதுப்பித்துத் திறந்தார்கள்.

போர்ட்ஸ்மத்தில் 'விக்டரி' 1922 முதல் உலர்துறையில் இருக்கிறது. வட கரோலினாவில் 'நார்த் கரோலினா'வைச் சுற்றிக் காஃபர்டேம் கட்டி முடித்தது 2018-ல். எஃகுத் தகடுகளைத் தரையில் அடித்து எழுப்பும் நீர்த்தடுப்புச் சுவர் அது. தேவைப்படும்போது உள்ளே இருக்கும் நீரை இறைத்துவிடலாம், கப்பலை எங்கும் இழுத்துப் போக வேண்டியதில்லை. இவை மலிவான வழிகள் அல்ல. ஆனால் ஒருமுறை செலவு. நீரில் நிற்கும் கப்பலுக்கு அந்தச் செலவு தலைமுறைக்கு ஒருமுறை திரும்ப வரும். நுழைவுச்சீட்டு வருமானம் பெரும்பாலும் ஊழியர் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் பெயின்டுக்கும் போய்விடும்.

அமெரிக்கக் கடற்படை இதைக் கற்றுக்கொண்டு விதியாக்கிவிட்டது. கப்பல் கேட்கும் அமைப்பு இழுவை, நிறுத்துமிடம், பராமரிப்பு, சுற்றுச்சூழல், நிதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் தர வேண்டும். கொடுத்த பிறகு அரசு ஒரு காசு செலவழிக்காது. இந்தச் சல்லடையில் பெரிய விமானந்தாங்கிகள் வரிசையாக விழுந்தன. 'ஃபாரஸ்டல்', 'சரடோகா', 'ரேஞ்சர்' ஆகியவற்றைக் காப்பாற்ற முயன்ற அமைப்புகள் தகுதி பெறவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சென்டுக்கு உடைப்பவரிடம் போயிற்று. 2021-ல் 'கிட்டி ஹாக்', 'ஜான் எஃப். கென்னடி' இரண்டும் அதே விலைக்கு. ஒரு சென்ட் என்பது அலட்சியமான விலை அல்ல. இழுத்துச் செல்லும் செலவும் நச்சை அகற்றும் செலவும் போக உடைப்பவருக்கு இரும்பில் மிஞ்சுவதைக் கணக்கிட்டு வந்த விலை.

இந்தியாவில் அடுத்துக் கேள்வி எழக்கூடிய பெரிய கப்பல் 'விக்ரமாதித்யா'. இந்தியக் கடற்படையில் சேர்ந்தது 2013 நவம்பரில். ஆனால் அதன் உடல் சோவியத் ஒன்றியத்தில் நீரில் இறக்கப்பட்டது 1982-ல். எடை 44,500 டன். விராட் 28,700 டன்தான். நீளம் சுமார் 284 மீட்டர். அந்த அளவுக் கப்பலை ஏற்கும் உலர்துறைகள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மும்பைக் கடற்படைத் தளத்தில் 2019 செப்டம்பரில் ஒன்று திறக்கப்பட்டது. கொச்சியில் 310 மீட்டர் நீளத்தில் 2024 ஜனவரியில் இன்னொன்று. கொச்சித் துறைக்கு ஆன செலவு சுமார் 1,800 கோடி ரூபாய். ஓய்வுபெற்ற விமானந்தாங்கி 20 ஆண்டுக்கு ஒருமுறை இவற்றில் ஒன்றில் சில மாதங்கள் படுக்க வேண்டும். பணியில் இருக்கும் புதிய 'விக்ராந்த்' சில ஆண்டுக்கு ஒருமுறை இதே துறைகளுக்குத்தான் வரும். வணிகக் கப்பல்களும் காசு கொடுத்து வரும். வரிசையில் முதலிடம் யாருக்கு என்பதில் துறை அதிகாரிகளுக்குக் குழப்பம் இருக்காது.